ஆதாரம்: கல்வெட்டு

அன்று காலை நான் தம்பிராசா அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தது ஒரு சொல்லைக் கேட்பதற்காக. எங்கள் நூதனசாலையின் பழைய பதிவேட்டில் ஒரு வரியின் நடுவே பூச்சி அரித்திருந்தது. முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளைச் சொன்னால், நடுவில் என்ன இருந்திருக்கும் என்று அவர் சொல்லிவிடுவார். மனோன்மணி அக்காதான் எடுத்தார்.

"பிள்ளை, அவர் காலமை மோசம் போயிட்டார்."

"யார்கிட்ட?" என்று கேட்டேன்.

நான் வளர்ந்த திருச்சியில் மோசம் போவது என்றால் ஏமாந்து போவது. யாழ்ப்பாணத்தில் அதற்கு இறந்து போவது என்று பொருள். எனக்கு அது தெரியாததல்ல. இங்கே திரும்பி வந்து ஐந்து வருடமாகிறது, எத்தனையோ செத்தவீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் என் பழைய காதுதான் விழித்துக்கொண்டது. அந்த மனிதரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அக்கா, "இல்லைப் பிள்ளை, செத்துப் போனார்" என்றார். எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, கணவர் போன இரண்டு மணி நேரத்துக்குள் அந்த அம்மா அந்தச் சொல்லைப் பச்சையாகச் சொல்ல வேண்டிவந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

உங்களில் பலருக்கு அவர் தபால் கந்தோர்த் தம்பிராசா. மானிப்பாய்ப் பக்கத்தில் சிலருக்குச் சைக்கிள் தம்பிராசா. எங்கள் நூதனசாலையில் அவருக்குப் பதவி எதுவும் இருக்கவில்லை. நகரில் ஒரு பழைய வீட்டின் இரண்டு அறைகளில் இருக்கும் சிறிய அருங்காட்சியகம் அது. மூன்று பேர் மூன்று விதமான கையெழுத்தில் எழுதிய பதிவேடு ஒன்று அங்கே இருந்தது. அவற்றில் இரண்டு எனக்கு வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டு மாதிரி. யாராவது வாசித்துத் தந்தால் நல்லது என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

"முப்பத்தாறு வருசம் மற்றச் சனத்தின்ரை எழுத்தை வாசிச்சுத்தான் சோறு திண்டனான். உங்கடை புத்தகத்தைக் கொண்டு வாரும் பாப்பம்" என்றார்.

அவர் தபால்களைத் தரம்பிரித்தவர். முகவரி மழையில் கரைந்திருக்கும், தெருப் பெயர் இருக்காது, சில கடிதங்களில் "கிணற்றடி வீட்டு மாமாவுக்கு" என்று மட்டும் இருக்கும். அவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். வாசிக்கும்போது எழுத்தைப் பார்க்க மாட்டார், எழுதியவரின் கை எப்படிப் போயிருக்கிறது என்று பார்ப்பார். "இவர் அவசரக்காரன். சுழி போடாமல் ஓடுறார்" என்று செத்துப்போன ஒரு எழுதுவினைஞரைப் பற்றிச் சொல்வார். சுழிகளை அவரே போட்டுக்கொண்டு வாசித்து முடித்துவிடுவார்.

எங்களுக்குள் முதல் சண்டை ஒரு சொல்லுக்காக வந்தது. படங்களுக்குக் கீழே நான் வைத்திருந்த சின்ன அட்டைகளில், தேவையான இடத்தில் "பெயர் தெரியாதவர்" என்று எழுதியிருந்தேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள். அவர் பேனையை எடுத்து, ஒவ்வொன்றிலும் "இன்னும்" என்று மேலே செருகிக்கொண்டு போனார். "பெயர் இன்னும் தெரியாதவர்." அனுமதி கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அட்டையெல்லாம் அசிங்கமாகிவிட்டதே என்று கத்தினேன்.

"தெரியாதெண்டு எழுதினா அதோடை முடிஞ்சுது, பிள்ளை. நாங்கள் கந்தோரிலை அப்பிடி எழுதினா அந்தக் காயிதம் திரும்பிப் போயிடும். பிறகு ஆரும் தேட மாட்டினம்" என்றார் சாவகாசமாக.

அட்டைகளைப் புதிதாக அச்சிட்டேன். "இன்னும்" சேர்த்துத்தான்.

இனி அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடித்த காகிதத்தில் கறுப்பு மையும் பேனையும் கொண்டு வரைந்த ஒரு ஆண் உருவம். வேறு நிறமில்லை. கடல் இல்லை, வள்ளம் இல்லை, காலுக்குக் கீழே நிலம்கூட இல்லை. லுங்கி போன்ற சாரத்தை மடித்துக் கட்டி, மேலாடை இல்லாமல், கைகளைப் பின்னால் கோத்தபடி ஒருவர் நிற்கிறார். முகம் அப்பால் திரும்பியிருக்கிறது. கன்னத்தின் கோடும் காதும் மட்டுமே தெரியும். வலது காலைத் தூக்கி இடது பாதத்தின் மேல் வைத்திருக்கிறார். பருத்தித்துறைப் பக்கத்து வடகரையில் சித்திரம் கற்பித்த ஒரு மாஸ்ரர் வரைந்தது. அவர் காலமான பின் உறவினர்கள் அவருடைய காகிதங்களை ஒரு பெட்டியில் போட்டு எங்களிடம் தந்திருந்தார்கள். பதிவேட்டில் இந்தப் படத்துக்கு நேரே எழுதியிருந்தது இவ்வளவுதான்: "நிற்கும் ஆண். ஆதாரம்: கல்வெட்டு, வடகரை."

அது மூன்று கையெழுத்துகளிலும் தெளிவான கையெழுத்து. அதனால் அண்ணையிடம் காட்டவில்லை. வாசிக்க முடியாததைத்தான் அவரிடம் காட்டுவேன்.

நான் தொல்லியலோடு சேர்த்து நூதனசாலை வேலை படித்தவள். கல்வெட்டு என்றால் எனக்குக் கல்லில் வெட்டியது. ஆக, வடகரையில் எங்கேயோ உருவம் செதுக்கிய கல் ஒன்று இருக்கிறது, நடுகல்லாக இருக்கலாம், மாஸ்ரர் அதைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். யாழ்ப்பாணக் கரையில் நடுகல்! என் பெயரில் ஒரு கட்டுரை கண் முன்னால் நின்றது. சாரம் எப்படி வந்தது என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன்: மாஸ்ரர் தன் காலத்து உடையைப் போட்டுவிட்டார். ஆசை வந்துவிட்டால் மூளை எவ்வளவு உதவி செய்கிறது பாருங்கள்.

மூன்று மாதம், சனி ஞாயிறுகளில், பஸ் ஏறிப் பருத்தித்துறைக்குப் போய் அங்கிருந்து கரையோரமாக நடந்தேன். கோயில் வாசல்படிகளைக் குனிந்து பார்த்தேன். கிணற்றுக் கட்டுகளைத் தடவிப் பார்த்தேன். ஒரு வீட்டில் உடுப்புத் தோய்க்கும் கல்லைப் புரட்டிப் பார்க்கக் கேட்டு ஏச்சு வாங்கினேன். இங்குள்ள திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். அப்படி ஒரு கல் தன் கண்ணில் பட்டதில்லை என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. அவருக்குத் தெரியவில்லை என்றால் கண்டுபிடிப்பு இன்னும் பெரிது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை, என் செருப்பிலிருந்து அறைக்குள் கொட்டிய மணலைப் பார்த்துவிட்டு அண்ணை கேட்டார்.

"என்ன பிள்ளை, ஒவ்வொரு கிழமையும் கடலுக்கோ போறீர்?"

சொன்னேன். நடுகல், மாஸ்ரர், சாரம், பேராசிரியர் எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். தண்ணீர் கொடுத்தேன், அதைக் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

"சாரம் கட்டின சோழன்! ஐயோ கடவுளே... பிள்ளை, செத்தவீட்டுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு புத்தகம் அடிச்சுக் குடுக்கிறவைதானே? படம், பாட்டு, மக்கள் மருமக்களின்ரை பேர் எல்லாம் போட்டு. அதுக்கு இஞ்சை என்ன பேர்?"

"நினைவு மலர்."

"உது இப்பத்தைப் பேர். எங்கடை சனத்துக்கு அது கல்வெட்டு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் படத்தைச் சட்டகத்திலிருந்து எடுத்துத் திருப்பினார். ஓரத்தில் பென்சிலால் "அகலம் மூன்று அங்குலம்" என்றும் ஒரு அம்புக்குறியும் இருந்தன. நான் நூறு தரம் பார்த்து, சட்டகக்காரர் போட்ட குறிப்பு என்று விட்ட வரி அது. அந்தக் காலத்தில் அச்சுக்கூடத்தில் படம் போட வேண்டுமென்றால் முதலில் புளொக் எனும் அச்சுக்கட்டை செய்ய வேண்டும், அதற்கான அளவு இது என்றார். இந்த மனிதர் எந்தக் கல்லிலும் இருக்கவில்லை. யாரோ ஒருவருடைய கணவர், யாரோ ஒருவருடைய தகப்பன்.

"விளங்காத எழுத்தாலை ஒரு காயிதமும் துலையிறேல்லை. அதை நாலு பேரிட்டைக் காட்டுவம். விளங்கிட்டுது எண்டு நினைக்கிறம் பாரும், அதுதான் பிழையான வீட்டுக்குப் போறது" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. தன் கந்தோரில் நடந்த ஒன்றை நினைத்துச் சொன்னது போலிருந்தது.

அதற்குப் பிறகு தேடல் அவர் கையில். பருத்தித்துறையில் அவரோடு வேலை செய்த ஒரு தபால்காரர் இருந்தார். அண்ணையை விட மூத்தவர். அந்த மனிதர் தன் வேலைக்காலம் முழுவதும் கல்வெட்டுகளைச் சேர்த்துவைத்தவர். பக்தியினால் அல்ல. செத்தவர்களுக்கும் கடிதம் வரும். அதை யாரிடம் கொடுப்பது? கல்வெட்டைப் பார்த்தால் மூத்த மகன் எங்கே, மகள் எந்த ஊரில் கட்டினாள் எல்லாம் இருக்கும். எத்தனையோ இடப்பெயர்வில் அந்தத் தகரப் பெட்டியும் அவரோடு போய் வந்திருக்கிறது. இரண்டு முழு நாள் இருவரும் அதைக் கிளறினார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் அதே படம், மூன்று அங்குல அகலத்தில், ஒரு பழுப்பு நிறப் புத்தகத்தில் கிடைத்தது. கீழே பெயர் இருந்தது: வல்லிபுரம்.

மிச்சக் கதையை அந்தத் தபால்காரர் சொன்னாராம். வாடைக் காற்றில் போன வள்ளம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வல்லிபுரத்துக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் ஒட்டியது, அது அவரோடு கடலுக்குப் போய்விட்டது. கல்வெட்டுக்குப் படம் வேண்டுமே என்று பக்கத்து வீட்டுச் சித்திர மாஸ்ரர் மூன்று நாள் இருந்து முகத்தை வரையப் பார்த்திருக்கிறார். வரவில்லை. "முகம் பிடிபடுகுதில்லை. அவன் கரையிலை நிக்கிற நிலை மட்டும் எனக்கு அச்சொட்டாத் தெரியும்" என்று சொல்லி, அந்த நிலையை வரைந்து கொடுத்திருக்கிறார். மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

அந்த மனைவி நீண்ட காலம் இருந்திருக்கிறார். கல்வெட்டு இடப்பெயர்வில் போய், வீட்டில் ஒரு பிரதிகூட இல்லாமல், கணவருடைய உருவத்தை மறுபடி பார்க்காமல் இருந்திருக்கிறார். அண்ணை அந்த வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் இறங்கியபோது, அந்த அம்மா இறந்து இருபத்திரண்டு நாளாகியிருந்தது.

இதை அண்ணை என்னிடம் நேரே சொன்னார். நான் கணக்குப் பார்த்தேன். என் கல் தேடும் மூன்று மாதத்தில் ஒரே ஒரு மாதம் குறைந்திருந்தால் போதும். யாராக இருந்தாலும் "நீர் என்ன செய்வீர், உமக்குத் தெரியாதுதானே" என்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நானும் அதற்காகத்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம், பிந்திட்டுது" என்றார். பிறகு, "பிந்தினதெண்டு வைச்சிருக்கேலாது. குடுக்கிறதுக்கு மகள் இருக்கிறா. நாளையிண்டைக்கு வரச் சொல்லியிருக்கிறன்" என்றார்.

பொய்யாக ஆறுதல் சொல்லாமல் விட்டதற்காக அன்று அவர் மேல் கோபம். இன்று அதற்குத்தான் அதிகம் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

மகள் கமலாதேவி கணவரோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதை நெருங்கியவர். படத்தைக் கண்ணாடிச் சட்டகத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தோம். நெடுநேரம் பார்த்தார்.

"முகம் தெரியேல்லையே" என்றார்.

அந்தப் படத்துக்காக எனக்கே வெட்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒரு காதையும் கன்னத்தையும் காட்டுகிறோம். அவர் கண் மெல்லக் கீழே இறங்கியது. கை, இடுப்பு, சாரம், கால். அங்கே நின்றது.

"அம்மா என்னை எந்நேரமும் ஏசுவா. 'கொப்பர் மாதிரி நில்லாதையடி, ரெண்டு காலையும் நிலத்திலை வையடி' எண்டு. ஐயாவைக் காணாத எனக்கு என்ன தெரியும்? சும்மா ஏச்செண்டு நினைச்சிருந்தன்."

நான் குனிந்து பார்த்தேன். மேசை ஓரத்தில் நின்ற அந்தப் பெண்ணின் வலது கால் இடது பாதத்தின் மேல் இருந்தது. அவரும் அப்போதுதான் பார்த்தார். காலை எடுக்கவில்லை. அப்படியே நின்று அழுதார்.

அண்ணை சைக்கிளுக்குக் காற்றுப் பார்க்க வேண்டும் என்று வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். சைக்கிளைத் தொடவில்லை, வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் திரும்பி வருவதற்கு முன் நான் கமலாதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டு மூன்று மாதம் கல் தேடினேன், இல்லாவிட்டால் அம்மா இதைப் பார்த்திருப்பார் என்று. அவர் என்னைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"அம்மாவின்ரை கல்வெட்டு அச்சுக்குக் குடுத்திட்டம். இதிலை ஒரு பிரதி எடுத்துத் தருவியளோ? ரெண்டு பேரையும் ஒண்டாப் போடலாம்" என்றார்.

அன்றே பிரதி எடுத்தோம். மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றேன். அண்ணை கேட்கவில்லை. பிரதியை அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் போய் அச்சகத்தில் கையில் கொடுத்துவிட்டு வந்தார். ஏழாம் நாள் அந்தியேட்டி. எங்களுக்கும் ஒரு புத்தகம் வந்தது. இடது பக்கம் தலை நரைத்த அம்மாவின் நிறப்படம், வலது பக்கம் கறுப்பு மையில், முகம் திருப்பி நிற்கும் இளைஞர்.

மகளிடம் சொல்லிவிட்டேன் என்று அண்ணையிடம் சொன்னபோது, "சொன்னீர்தானே? காணும்" என்றார். போதும் என்று பொருள். இதை நான் சரியாகவே விளங்கிக்கொண்டேன்.

படத்துக்குக் கீழே புது அட்டை எழுதியது அவர்தான். "வல்லிபுரம். கறுப்பு மை." "பெயர் இன்னும் தெரியாதவர்" என்ற பழைய அட்டையை நான் குப்பையில் போட்டேன். அவர் அதை எடுத்து, கசங்கலை நீவி, பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்குள் வைத்தார். பதிவேட்டின் வரியை நான் திருத்தப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தார். "அந்தாள் சரியாத்தான் எழுதியிருக்கு. வாசிக்கிறவைக்கு வேணுமெண்டா பக்கத்திலை நீர் எழுதும்" என்றார். எழுதினேன்: "கல்வெட்டு என்பது இங்கே நினைவு மலர். கல் தேட வேண்டாம்." அதைப் பார்த்து அவர் மறுபடியும் இருமும்வரை சிரித்தார்.

செத்தவீட்டில் நான் மனோன்மணி அக்காவின் பக்கத்தில் இருந்தேன். தொலைபேசியில் கேட்ட கேள்விக்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"'யார்கிட்ட' எண்டு கேட்டீரே... அதை அவரிட்டைச் சொல்ல ஏலாமல் போச்சுதே எண்டுதான் எனக்குக் கவலை. ஒரு கிழமை சிரிச்சிருப்பார்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. போகும்போது, "கல்வெட்டுக்கு நீரும் ஒண்டு எழுதித் தாரும் பிள்ளை" என்றார். நீங்கள் கையில் வைத்து வாசிப்பது அதுதான்.

இந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி நூதனசாலைக்குப் போகும். அவர் பெயரைப் பதிவேட்டில் நான் எழுதுவேன், சுழியெல்லாம் போட்டு. ஆதாரம் என்ற இடத்தில் கல்வெட்டு என்று எழுதுவேன்.

அன்று காலை நான் கேட்க நினைத்த சொல் பூச்சி அரித்தபடியே கிடக்கிறது. முன்னால் ஒரு "க", பின்னால் ஒரு "ம்". எத்தனை தரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. நேற்று அதற்கு நேரே "தெரியாது" என்று பென்சிலால் எழுதிவிட்டு, பதிவேட்டை மூடினேன். பிறகு திறந்து, மேலே ஒரு சொல்லைச் செருகினேன். இன்னும். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தச் சொல்தான்.